கட்டாயப் பெட்டியும் காலிப் பெட்டியும்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்கு இரண்டு கேள்விகள் இருந்தன.

முதல் கேள்வி: "அண்ணே, இன்டர்ன்ஷிப்புக்கு ஆன்லைன்ல ஃபார்ம் போடுறேன். லாஸ்ட் நேம்னு ஒரு பெட்டி, பக்கத்துல சிவப்பு நட்சத்திரம். இனிஷியல் போட்டா எடுக்க மாட்டேங்குது. அப்பா பேரப் போடட்டுமா? போன தடவ அப்படிப் போட்டதுக்கு இன்டர்வியூல ஒருத்தர், 'இது உங்க ஃபேமிலி நேமா? நீங்க என்ன ஆளுங்க?'ன்னு கேட்டுட்டாருண்ணே."

இரண்டாவது கேள்வி: "எங்க ஊர் அக்காங்க குழுவா சேந்து ஊறுகாய், சத்துமாவு பண்றாங்க. அதுக்கு ஒரு ஆன்லைன் கடை போட்டுக் குடுக்கச் சொல்றாங்க. செஞ்சவங்க பேரு, ஊரு எல்லாம் போடலாமா, வேணாமாண்ணே? போட்டா வாங்குவாங்களா?"

இரண்டையும் அவன் தனித்தனிக் கேள்விகளாகத்தான் கேட்டான். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகக் கேட்டது. ஏனென்றால் 2009இல் ஏனாத்தூரில் ஒரு கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்து இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே வாரத்தில் நான் சந்தித்தேன். ஒன்றுக்கு விடை கண்டுபிடித்தேன். இன்னொன்றில் தோற்றேன். தம்பிக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

ஏனாத்தூர் தெரியாதவர்களுக்கு: காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். ஒரு பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் இருப்பதால் காலை பஸ்ஸில் புத்தகப் பை இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். நான் எம்சிஏ இரண்டாம் ஆண்டு. மூன்று பேர் சேர்ந்து ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். ஒருவன் பிள்ளையார்பாளையத்துக்காரன், நெசவாளர் வீட்டுப் பையன். இன்னொருவன் ஆந்திராவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். மூன்றாவது ஆள் நான், பக்கத்துக் கிராமத்தின் சேரியிலிருந்து சைக்கிளில் வருகிறவன். காஞ்சிபுரத்தில் படித்துக்கொண்டு வேறு எதைச் செய்வது? பட்டுச் சேலைக்கு ஆன்லைன் கடை என்று முடிவு செய்தோம்.

இன்றைக்கு இதெல்லாம் அரை மணி நேர வேலை. அன்றைக்கு எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. நாங்கள் எடுத்துக்கொண்ட மென்பொருள் ஓஎஸ்காமர்ஸ். 2000ஆம் ஆண்டு ஜெர்மனியில் தொடங்கப்பட்ட திட்டம். ஜிபிஎல் உரிமத்தில் வெளியானது. அதாவது காசு கொடுக்க வேண்டாம்; அதைவிட முக்கியமாக, உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அந்தக் கடைசி மூன்றின் அருமை அப்போது எனக்குத் தெரியாது. இலவசம் என்பது மட்டும்தான் தெரியும்.

கடை ஓடுவதற்கு முதலில் கணினியே ஒரு சர்வராக மாற வேண்டும். அதற்கு ஸாம்ப் போட்டோம். அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி மூன்றும் ஒரே பொட்டலமாக வரும். போட்டதும் அப்பாச்சி கிளம்ப மறுத்தது. 80ஆம் எண் போர்ட்டை விண்டோஸின் வேறொரு சேவை பிடித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மதியம் போனது. அமைப்புக் கோப்பைத் திறந்து 80ஐ 8080 ஆக்கியதும் ஓடியது. மறுநாள் காலை வந்து பார்த்தால் எல்லாம் மாயம். ஆய்வகக் கணினிகளில் மறுபடி இயக்கினால் சி டிரைவில் போட்டதெல்லாம் அழிந்து பழைய நிலைக்குத் திரும்பும்படி பூட்டு போட்டிருந்தார்கள். பொதுக் கணினிகளுக்கு அது தேவைதான், எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஆய்வக உதவியாளர் அண்ணன் சிரித்துக்கொண்டே, "டி டிரைவுல போடுங்கப்பா, பென்டிரைவுலயும் ஒரு காப்பி வெச்சுக்குங்க" என்றார். அதன் பிறகு அந்தக் கடை முழுவதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி, உலாவியில் 127.0.0.1:8080 என்று அடித்து, நிறுவல் படிகளைத் தாண்டினோம். கடை திறந்தது. மாதிரிக்காக அவர்களே வைத்திருந்த சரக்குகள் வந்து நின்றன: பிரிண்டர், 'மேட்ரிக்ஸ்' படத்தின் டிவிடி. மேலே ஒரு எச்சரிக்கை. நிறுவல் ஃபோல்டர் இன்னும் இருக்கிறது, பாதுகாப்புக்காக அதை நீக்குங்கள் என்று. அதை அப்படியே விட்டால் வேறு யாராவது வந்து கடையை மறுபடி முதலிலிருந்து நிறுவித் தன்னுடையதாக்கிக்கொள்ள முடியும். நீக்கினோம்.

அடுத்து தமிழ். 'க' என்று அடித்தால் சில இடங்களில் &#2965; என்று வந்து நின்றது. அந்த மென்பொருளின் எழுத்துக் குறிமுறை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. மொழிக் கோப்பில் ஒரே ஒரு வரியை யுடிஎஃப்-8 என்று மாற்றி, டேட்டாபேஸையும் அதற்கேற்பத் திருத்தியதும் 'காஞ்சிப் பட்டு' என்ற சொல் திரையில் ஒழுங்காக வந்தது. நாங்கள் மூவரும் கை தட்டியது நினைவிருக்கிறது.

அதுவரை எல்லாம் சந்தோஷம்தான்.

கடை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வாடிக்கையாளர் வேண்டும். "நீ கணக்கு ஆரம்பிடா" என்றார்கள். ஆரம்பித்தேன். முதல் பெயர் என்ற பெட்டியில் என் பெயர். கடைசிப் பெயர் என்ற பெட்டியில் என் இனிஷியல், ஒற்றை எழுத்து. பொத்தானை அழுத்தினேன். கடைசிப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும் என்று செய்தி வந்தது.

ஆந்திரா நண்பன் சாதாரணமாகச் சொன்னான்: "உன் சர்நேம் போடு."

அவனுக்கு அதில் விகல்பம் எதுவும் இல்லை. அவர்கள் பக்கம் 'இண்டி பேரு' என்று வீட்டுப் பெயர் ஒன்று எல்லோருக்கும் உண்டு. பெயருக்கு முன்னால் வரும். அதைத்தான் கேட்டான். "எனக்கு சர்நேம் இல்ல" என்றேன். "அது எப்படி இல்லாம இருக்கும்? தாத்தா பேருக்குப் பின்னாடி என்ன வரும்?" என்றான். பிள்ளையார்பாளையத்து நண்பன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும். என் தாத்தா பேருக்குப் பின்னால் ஒன்றும் வராது. ஊர்க்காரர்கள் அவரைக் கூப்பிடும்போது பேருக்குப் பதிலாகவே வேறொன்று வரும். அதை நான் அந்தப் பெட்டியில் எழுத முடியாது.

தமிழ்நாட்டில் இனிஷியல் என்பது சும்மா வந்த பழக்கமில்லை தோழர்களே. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் காஞ்சிபுரமும் இருந்தது. பட்டம் வைத்திருந்த சாதிகளுக்கு அது ஒரு துறப்பு. பட்டமே கொடுக்கப்படாதவர்களுக்கு? எல்லோரும் பேரும் இனிஷியலுமாக ஒரே வரிசையில் நிற்கும் வாய்ப்பு. வருகைப் பதிவேட்டில் என் பெயரும் நண்பன் பெயரும் ஒரே வடிவத்தில் இருந்தது அந்தத் தீர்மானத்தின் தொடர்ச்சிதான். சாதி அதனால் ஒழிந்துவிடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருவன் தன் பெயரைச் சொல்லும் முதல் நொடியிலேயே சாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் இங்கே இல்லாமல் போனது. அது சின்ன விஷயமில்லை. வட மாநிலங்களில் படிக்கும், வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

எண்பது வருடம் கழித்து, அதே மாவட்டத்து மண்ணில், ஒரு பெட்டி வந்து "கடைசிப் பெயர் எங்கே?" என்று கேட்டது. அதைச் செய்தவர்களுக்கு நம்மை அவமானப்படுத்தும் எண்ணம் இருந்திருக்காது. அவர்கள் ஊரில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு, அதனால் உலகத்தில் எல்லோருக்கும் உண்டு என்று நினைத்தார்கள். சி.என். அண்ணாதுரையே எழுந்து வந்து அந்தக் கடையில் ஒரு கைத்தறி வேட்டி வாங்க முயன்றால் என்ன செய்வார்? 'சி' என்பது காஞ்சீவரம், 'என்' என்பது அப்பா நடராசன். இதில் எது கடைசிப் பெயர்? இந்தோனேசியாவின் சுகர்னோவுக்கு ஒரே பெயர்தான். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா அல்லது அம்மா பெயரிலிருந்து வருவதுதான் இரண்டாவது பெயர். நிரலாளர்கள் மனிதப் பெயர்களைப் பற்றி நம்பிக்கொண்டிருக்கும் பொய்களை 2010இல் பேட்ரிக் மெக்கென்சி என்ற நிரலாளர் ஒரு பட்டியலாகவே எழுதினார். மென்பொருள் எழுதும் ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டிய பட்டியல் அது.

இது வெறும் கடைப் பிரச்சினையும் இல்லை. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் விடமாட்டார்கள் என்று விமான நிறுவனங்கள் அறிவித்தபோது நம் ஆட்கள் எத்தனை பேர் பதறினார்கள்? அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். ஒரு காலிப் பெட்டிக்காக விமானத்தையே தவறவிடும் நிலை வரலாம் என்பதற்கு அது சாட்சி.

ஆய்வகத்துக்கு வருகிறேன். நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உதவியாளர் அண்ணன் வந்தார். திரையைப் பார்த்தார். "இதுக்கு ஏம்ப்பா முழிக்கிற? கடை உன்னோடதுதானே. அட்மினுக்குள்ள போ" என்றார். நிர்வாகப் பக்கத்தில், அமைப்புகளின் கீழ், 'குறைந்தபட்ச அளவுகள்' என்று ஒரு பகுதி. முதல் பெயருக்கு 2, கடைசிப் பெயருக்கு 2 என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண். கடைசிப் பெயரில் இருந்த 2ஐ அழித்துவிட்டு 1 என்று போட்டேன். சேமித்தேன். என் இனிஷியல் உள்ளே போனது.

ஒரே ஒரு எண். அதை மாற்றுவதற்கு வழியும் வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்த வழி இருப்பது தெரியாமல் பத்து நிமிடம் நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்கவில்லை. 'சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது' என்று யாராவது சொன்னால் இன்றும் நான் கேட்பது இதைத்தான்: அந்த எண்ணைப் போட்டது யார்? மாற்றும் உரிமை யார் கையில் இருக்கிறது?

இது நான் ஜெயித்த கதை. தோற்ற கதை அடுத்த நாள் நடந்தது.

சரக்குகளைக் கடையில் ஏற்ற ஆரம்பித்தோம். ஒவ்வொரு சேலைக்கும் படம், விலை, எடை, விளக்கம். கூடவே இன்னொரு பெட்டி: உற்பத்தியாளர். அதில் கட்டாயம் எதுவும் இல்லை. 'எவருமில்லை' என்பது முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். அப்படியே விட்டுவிட்டாலும் கடை ஒரு வார்த்தை கேட்காது.

வாங்குகிறவருக்குக் கடைசிப் பெயர் இல்லாமல் இருக்கக் கூடாது. செய்கிறவருக்குப் பெயரே இல்லாமல் இருக்கலாம்.

"உற்பத்தியாளர்னு யாரப் போடறது?" என்று ஆந்திரா நண்பன் கேட்டான். நாங்கள் வைத்திருந்த படம் பிள்ளையார்பாளையத்து நண்பனின் அப்பா நெய்த சேலையுடையது. அவன் சொன்னான்: "எங்கப்பா பேரப் போடாத. பாவும் ஜரிகையும் முதலாளி குடுக்கிறது. ஆன்லைன்ல அப்பா பேரு வந்துதுன்னு தெரிஞ்சா அடுத்த பாவு குடுக்க மாட்டாரு." கூலி நெசவாளரின் பயம் அது. நியாயமான பயம்.

எனக்கு இன்னொரு பெயரும் தெரியும். அதை நான் சொல்லவில்லை.

காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வைதான். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று ஓட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கரையின் ஊடை நூலும் உடலின் ஊடை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். கிழிந்தாலும் கரை தனியாகக் கழன்று வராது என்று கடையில் சொல்வார்களே, அது இதனால்தான். நெய்பவர் ஒருவரே மூன்றையும் பார்க்க முடியாது. பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக் கோத்துக் கொடுக்க வேண்டும்.

அந்த இன்னொரு ஆளாகப் பல காலம் குழந்தைகளைத்தான் உட்கார வைத்தார்கள். 1997இல் எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் வைத்தியத்துக்கு வாங்கிய முன்பணத்துக்காக ஏழு மாதம் ஒரு தறியில் உட்கார்ந்தேன். விடிவதற்கு முன்னால் போக வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் ஜரிகை மின்னுவது ஆரம்பத்தில் அழகாக இருந்தது, பிறகு கண்ணைக் குத்தியது. எட்டாவது மாதம் என் அம்மா வந்தார். "என் புள்ள படிக்கட்டும், நான் உக்கார்றேன்" என்று சொல்லி என்னை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்தார். மீதி முன்பணத்தை அவர் கழித்தார். கழிந்த பிறகும் வேறு வேலை இல்லாமல் அங்கேயே இருந்தார். 2009இல் நான் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில் என் அம்மா ஒரு தறியின் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனால் பட்டுத் தொழிலில் குழந்தைகள் முன்பணத்துக்காகப் பிணைக்கப்பட்டிருப்பதைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் கர்நாடகம், வாரணாசியோடு காஞ்சிபுரமும் இருக்கிறது. அந்தக் குழந்தைகளில் பலர் தலித்துகள் என்றும் அது சொல்கிறது. நெசவு என்றாலே சில சாதிகளின் பெயரை மட்டும் அடுக்குவார்கள். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 'கோலியன்' என்ற பெயர் இருக்கும். அவர்கள் நெசவு செய்த மக்கள். நம் கை தறியில் இல்லாமல் இருந்ததில்லை. நம் பெயர்தான் சேலையில் இல்லை.

சரி, அன்றைக்கு ஏன் அம்மா பெயரை நான் சொல்லவில்லை? முதலாளிக்குப் பயந்தா? அதுவும் உண்டு. ஆனால் உண்மையான காரணம் வேறு. ஆந்திரா நண்பனுக்கு அதுவரை நான் யார் என்று தெரியாது. 'கோத்துக் குடுக்கிறது எங்கம்மா' என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி வரும். இன்னொரு பயமும் இருந்தது. கல்யாணத்துக்கும் சாமிக்கும் கட்டும் சேலையில் எங்கள் கை பட்டிருக்கிறது என்று எழுதினால் யார் வாங்குவார்கள்? மாதிரிக் கடைதான். நிஜமாக ஒரு சேலைகூட விற்கப் போவதில்லை. அதிலும்கூட என் அம்மா பெயரைப் போட எனக்குக் கை வரவில்லை. ஒரு கற்பனைக் கடைப் பெயரை உற்பத்தியாளர் பெட்டியில் போட்டோம். நல்ல மதிப்பெண் வந்தது.

டெலிவரி முகவரியிலும் அதே கதைதான். எங்கள் தெருவின் பெயர் அரசுத் தாளில் 'காலனி' என்று முடியும். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கூரியர்காரரிலிருந்து வங்கி மேலாளர் வரை எல்லோருக்கும் தெரியும். கிராமத்தின் பெயரை மட்டும் போட்டு அதைத் தவிர்த்தேன். 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தபோது எனக்கு அந்த முகவரிப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. ஆவணத்திலிருந்து சொல்லை நீக்குவது தேவை. கூடவே தெருவுக்குத் தார் ரோடும் சுடுகாட்டுக்குப் பாதையும் வேண்டும், அது வேறு கட்டுரை.

இந்தப் பதினைந்து வருடங்களில் சேலையின் மேல் ஒட்டும் முத்திரைகளை நான் கவனித்துக்கொண்டே வருகிறேன். பட்டு அசல்தான் என்று சொல்ல 2004இல் சில்க் மார்க் வந்தது. காஞ்சிபுரத்தில் செய்ததுதான் என்பதற்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிதான் என்பதற்கு 2006இல் ஹேண்ட்லூம் மார்க் வந்தது. மூன்றும் நல்ல விஷயங்கள், போலிகளிடமிருந்து நெசவாளரைக் காக்க வந்தவை. ஆனால் நூலுக்குச் சான்று இருக்கிறது, ஊருக்குச் சான்று இருக்கிறது, தறிக்குச் சான்று இருக்கிறது. அந்தத் தறியில் உட்கார்ந்த ஆளுக்கு? அந்தப் பெட்டி இன்றும் 'எவருமில்லை' என்றுதான் இருக்கிறது.

பெயரைப் போட்டால் வாங்குவார்களா என்று தம்பி கேட்டான். இதே கேள்வியை நேராக எதிர்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் 2016இல் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரிலேயே மசாலாப் பொருள்களை ஆன்லைனில் விற்கத் தொடங்கினார். நாம் தொட்டதைச் சாப்பிட மறுக்கும் நாட்டில், தொட்டது நாங்கள்தான் என்று பொட்டலத்தின் மேலேயே எழுதினார். எத்தனை பொட்டலம் விற்றது என்பது இரண்டாவது கேள்வி. மறைத்து விற்பது ஒன்றுதான் வழி என்ற எண்ணத்தை அந்தப் பெயர் உடைத்தது.

அதற்காக எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சில வருடம் முன்பு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வகம், பெட்டி, நான் மறைத்தது, எல்லாம். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, எம் பேரப் போட்டிருந்தா கூலி ஏறியிருக்குமா?"

என்னிடம் பதில் இல்லை. பிறகு அவரே சொன்னார்: "கூலி ஏறுதோ இல்லியோ, நீ என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

இப்போது தம்பிக்கும் அவனைப் போன்ற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் ஒரு குழுவுக்குக் கடை போட்டுக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அது எந்த மென்பொருளாக இருந்தாலும், நிறுவி முடித்ததும் முன்னிருப்பாக வருகிற அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வாங்குபவர் பெயருக்கு முடிந்தால் ஒரே பெட்டி வையுங்கள். இரண்டு இருந்தே தீரும் என்றால் இரண்டாவதைக் கட்டாயமாக்காதீர்கள். ஓரெழுத்து இனிஷியலை ஏற்கிறதா, தமிழில் எழுதிய பெயரை ஏற்கிறதா என்று உங்கள் பாட்டி பெயரைப் போட்டுச் சோதியுங்கள். முகவரியில் தெருப் பெயரை வற்புறுத்தாதீர்கள். ஓர் அடையாளக் குறிப்பும் போன் எண்ணும் இருந்தால் பொருள் போய்ச் சேரும். பொருளைச் செய்தவர் பெயருக்கு ஒரு பெட்டி வையுங்கள். அதை நிரப்பும் முன் செய்தவரைக் கேளுங்கள். பெயர் போட்டால் என்ன நன்மை, என்ன ஆபத்து இரண்டையும் சொல்லுங்கள். போடலாம் என்றால் முழுப் பெயரையும் மரியாதையோடு போடுங்கள். வேண்டாம் என்றால் அதுவும் அவர் முடிவு, உங்கள் கூச்சம் அதில் கலக்கக் கூடாது. இவையெல்லாம் முடிந்த பிறகு கடையின் நிர்வாகக் கடவுச்சொல்லை அந்த அக்காக்கள் கையில் கொடுத்து, விலையை மாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுங்கள். விலை போடும் அதிகாரம் இல்லாமல் பெயர் மட்டும் போட்டால் என் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் வராது.

தம்பியின் முதல் கேள்விக்கு நான் சொன்னது இது: அந்தப் பெட்டி இனிஷியலை எடுக்கவில்லை என்றால் இப்போதைக்கு அப்பா பெயரைப் போடு. அது உன் அப்பா பெயர், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. யாராவது 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்டால், இந்த வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நிதானமாகத் திருப்பிக் கேள். விண்ணப்பம் போனதும் அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுது: உங்கள் படிவம் தமிழ்நாட்டுக்காரர்கள் பெயரை ஏற்கவில்லை, இந்த எண்ணை மாற்றினால் போதும் என்று. அந்த எண்ணை மாற்றத் தெரிந்தவர்களில் நீயும் ஒருவன் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

இரண்டாவது கேள்விக்கு, "அக்காங்களக் கேட்டியா?" என்றேன்.

"இல்லண்ணே" என்றான்.

"கேட்டுட்டு அப்புறம் போன் பண்ணு" என்றேன்.

நேற்று பண்ணினான். ஏழு பேரில் ஐந்து பேர் பெயர் போடச் சொல்லிவிட்டார்களாம். ஒரு அக்கா போட்டோவும் போடச் சொன்னாராம். இரண்டு பேர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். அவர்களுக்கான பெட்டிகளை அழிக்காமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறானாம்.

ஜெய்பீம்.